ஒரே ஒரு நீல ஃபேன்

"விடுங்க சார்... நான்தான் முதல்ல எடுத்தேன்."

"நீங்க எடுத்தது டப்பாங்க. ஃபேன் என் கையில இருக்கு."

ஹெப்சி தன் கையைப் பார்த்தாள். அட, ஆமாம். காலி அட்டைப்பெட்டி ஒன்றைத்தான் அத்தனை வீராப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே இருக்க வேண்டிய நீல நிறக் குட்டி பேட்டரி ஃபேன், எதிரில் நின்றவனின் விரல்களுக்கு நடுவே பத்திரமாக இருந்தது.

தாம்பரம் மார்க்கெட்டில் குப்புராஜ் நடத்தும் ஃபேன்சி ஸ்டோர் அது. வெளியே ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஒதுங்க வந்தவர்களால் கடை நிரம்பி, நிற்கவே இடமில்லை.

"அண்ணா, இன்னொரு நீலம் இருக்கா?" என்று ஹெப்சி கேட்டாள்.

"அது கடைசி பீஸும்மா. ரோஸ் கீது, மஞ்சா கீது, எடுத்துக்கயேன். எல்லாத்துலயும் அதே காத்துதானே வருது."

"ரோஸ் ஆகாதுண்ணா..."

இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் சொன்னதுதான் வேடிக்கை. ஹெப்சி திரும்பினாள். அவனும் திரும்பினான். மழைத்துளி தெறித்த மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்கள்... சிரிக்கலாமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த கண்கள். அவள் ஒரு நொடி கூடுதலாகப் பார்த்துவிட்டாள். பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான். போச்சு.

"ஒரு குட்டிப் பையனுக்கு வேணும்," என்றாள் அவசரமாக. "நீலத்தைத் தவிர வேற எதையும் தொடக்கூட மாட்டான். பழசு உடைஞ்சதிலேர்ந்து சரியாச் சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல..."

"நம்ம பையனும் அதே கேஸ்தாங்க," என்றான் அவன்.

ஓ... நம்ம பையனா? கல்யாணம் ஆனவரா? ஆனால் ஆகட்டுமே, அதற்கு இந்த நெஞ்சு ஏன் பொசுக்கென்று போகிறது? ஹெப்சிக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

அவன் ஃபேனை ஒருமுறை பார்த்தான். அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கி, ஃபேனை அதற்குள் வைத்து, மூடி, அப்படியே திருப்பிக் கொடுத்தான்.

"சாப்பிடலைன்னு சொல்லிட்டீங்க. அப்புறம் நான் எப்படி எடுத்துட்டுப் போறது? பாரிஸ் கார்னர்ல தேடிக்கறேன்."

"ஐயோ, அப்ப உங்க பையன்..."

"சமாளிப்போம். பதிலுக்கு ஒரு உதவி பண்ணுங்க. உங்ககிட்ட குடை இருக்கு. எனக்கு ஸ்டேஷன் வரைக்கும் போகணும்."

ஒரு குடை, இரண்டு பேர், தாம்பரம் மழை. குடை சின்னது என்று ஹெப்சி அன்றுவரை குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் படவில்லை. அவன் வலது தோளும் அவள் இடது தோளும் தொப்பலாக நனைந்தன. நடுவில் ஒரு ஜாண் இடைவெளியை இருவரும் ரொம்ப மரியாதையாகக் காப்பாற்றிக்கொண்டு நடந்தார்கள்.

"நான் டெனிஸ். ஊரப்பாக்கம்."

"ஹெப்சி. சிட்லபாக்கம்."

"அப்ப நமக்கு எதிர் எதிர் வண்டி," என்றான். அவன் குரலில் இருந்தது வருத்தமா, அல்லது அவள் காதுக்கு அப்படிப் பட்டதா... கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

ஸ்டேஷன் படிக்கட்டில் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "உங்க பையனுக்கு என்ன வயசு?"

அவன் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் செங்கல்பட்டு வண்டிக்கான அறிவிப்பு வந்துவிட்டது. அவன் ஓடினான். பாதிப் படியில் நின்று திரும்பி, "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க," என்று கத்திவிட்டு மறுபடி ஓடினான். பூக்கூடையோடு இறங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் ஹெப்சியை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

எதிர் பிளாட்பாரத்தில் அவன் நின்றான். நடுவில் தண்டவாளம், மழை. அவன் ஃபேன் பெட்டியைச் சுட்டிக் காட்டினான். பிறகு தன் இடுப்பளவுக்குக் கையைத் தாழ்த்தி ஒரு குழந்தையின் உயரத்தைக் காட்டி, அவளை நோக்கி விரலை நீட்டிக் கேள்வியாகப் பார்த்தான். உங்க குழந்தையா? அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். அவன் நெஞ்சில் கை வைத்து மூச்சுவிட்டான். ஹெப்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியைத் திறந்து ஃபேனைச் சுழலவிட்டுத் தூக்கிக் காட்டினாள். அதற்குள் வண்டி வந்து அவனை மறைத்துவிட்டது.

போன் நம்பர் வாங்கவில்லை என்பது சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

*

அந்தக் குட்டிப் பையன் விக்கி. ஐந்து வயது. ஆட்டிசம் உள்ள குழந்தை. அம்மா மஹாலட்சுமி, கோவளத்தில் மீன் விற்பவள். காலையில் வியாபாரத்தை முடித்துக்கொண்டு, குளித்து, பிள்ளையை இடுப்பில் தூக்கி இரண்டு பஸ் மாறி வருவாள். வாரத்தில் இரண்டு நாள் சிட்லபாக்கத்தில் ஹெப்சியிடம். ஹெப்சி ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஊஞ்சல், பந்து, மணல் தொட்டி என்று விளையாட்டாகவே பிள்ளைகளின் உடம்பையும் பதற்றத்தையும் ஒரு நிதானத்துக்குக் கொண்டுவருவது அவள் வேலை. இன்னும் இரண்டு நாள் ஊரப்பாக்கத்தில் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம். அவர் பெயரை ஹெப்சி கேட்டதில்லை. மஹாலட்சுமிக்கு இவள் 'ஓ.டி. மிஸ்சு', அவர் 'ஸ்பீச் சாரு'. அவ்வளவுதான்.

விக்கியிடம் ஒரே ஒரு சொல் இருந்தது. காத்து. சுழலும் எதைப் பார்த்தாலும் முகம் மலர்ந்து அதைச் சொல்வான். கோடை முடிந்தபோது அந்தச் சொல் காணாமல் போய்விட்டது. அந்த ஒற்றைச் சொல்லுக்காக மஹாலட்சுமி செய்யாத வேண்டுதல் இல்லை.

தப்பு யார்மேல்? ஹெப்சியைக் கேட்டால் ஸ்பீச் சார்மேல். பிள்ளை மிரளும்போது ஃபேனைக் கையில் கொடுத்துவிட வேண்டும், முதலில் மனசு அடங்கட்டும் என்பது இவள் முறை. அந்த மனிதரோ அதை உயரமான ஷெல்ஃபில் வைத்து, கேட்டால்தான் தருவேன் என்கிறாராம். "அப்படிப் பண்ண வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லுங்கக்கா," என்று மஹாலட்சுமியிடம் எத்தனையோ முறை சொல்லி அனுப்பியாயிற்று. ஒரு பதில்? ஒரு போன்? ஊஹூம். தலைக்கனம் பிடித்த மனுஷன் என்று ஹெப்சி எப்போதோ முடிவுகட்டிவிட்டாள்.

புது நீல ஃபேனை வாங்கியதும் விக்கி அதைக் கன்னத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு, வெகுநாளைக்குப் பிறகு ஊஞ்சலில் கண்மூடிக் கிடந்தான். ஹெப்சிக்கு டெனிஸின் ஞாபகம் வந்தது. அவனால்தானே இது... அன்று முழுக்க அவள் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்ததாக வரவேற்பறை கிறிஸ்டினா பிறகு எல்லோரிடமும் சொன்னாள்.

அந்தச் சிரிப்பு வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு போயிற்று. போனில் மஹாலட்சுமி அழுதாள்.

"போதும் மிஸ்... நான் இனிமே எங்கயும் இட்டுகினு வரல. ஸ்பீச் சார் அந்த ஃபேனை மேல வச்சாரு. புள்ள கத்தி, செவுத்துல முட்டிகினு... நெத்தி வீங்கிப்போச்சு. சாரே பதறிப்போய் எறக்கிக் குடுத்தாரு. ஆனா இவன் அதைத் தூக்கி எறிஞ்சிட்டான். அதைப் பாத்தாலே இப்ப அழுவுறான். வூட்லயே வச்சி கஞ்சி ஊத்திக்கிறேன் மிஸ், வுட்ருங்க."

ஹெப்சி கொதித்துப் போனாள். உடனே டாக்டர் ரத்தினபாயை அழைத்தாள். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் டாக்டர் அவர். விக்கியை இரண்டு இடத்துக்கும் அனுப்பியவரும் அவர்தான். கிழக்குத் தாம்பரத்தில் கிளினிக்.

"திங்கட்கிழமை எல்லாரும் இங்க வாங்க," என்றார் டாக்டர். "ஆளுக்கொரு பக்கமா வைத்தியம் பார்த்தா இப்படித்தான் ஆகும். இதை நான் முதல்லயே செஞ்சிருக்கணும்."

*

திங்கட்கிழமை ஹெப்சி போருக்குப் புறப்பட்டவள்போலத்தான் போனாள். அந்த மனிதரிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது, எல்லாம் மனப்பாடம். கதவைத் தள்ளினாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் டெனிஸ் உட்கார்ந்திருந்தான்.

கண்ணாடிக்குப் பின்னால் அதே கண்கள். இன்று அவற்றில் சிரிப்பு இல்லை. தூங்காத கண்கள்... அவளைப் பார்த்து அவன் ஆச்சரியப்படவும் இல்லை. அப்படியானால் இவனுக்கு முன்பே தெரியும். அந்த நீல ஃபேன் விக்கியின் கையில் வந்தபோதே தெரிந்திருக்கும். தெரிந்தும் மேலே தூக்கி வைத்திருக்கிறான்.

மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்துவிட்டது. வாயில் வந்தது வேறு.

"உங்களுக்குப் பாடம் தெரியும் சார். குழந்தையைத் தெரியாது."

டெனிஸின் முகம் வெளுத்தது. "அன்னிக்கு நடந்தது என் தப்பு. அதை நான் மறைக்கல," என்றான் மெதுவாக. "ஆனா மேடம், நான் எத்தனை தடவை சொல்லி அனுப்பினேன். அங்க எப்பவும் கையிலயே குடுத்துட்டா, இவன் வாயைத் திறக்க அவசியமே இல்லாமப் போயிடும், கொஞ்சம் பேசிக்கலாம்னு. ஒரு பதிலாவது சொன்னீங்களா?"

"நீங்க சொல்லி அனுப்பினீங்களா? நான்தான் சொல்லி அனுப்பினேன். நீங்கதான் மதிக்கவே இல்ல."

"எங்கிட்ட யாரும் எதுவும் சொல்லலை."

"எங்கிட்டயும்தான்."

இருவரும் மெல்லத் திரும்பினார்கள். மூலையில், மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த மஹாலட்சுமி முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லல மிஸ்," என்றாள். "ரெண்டு பேர் சொன்னதையும் சொல்லல. நீங்க அவரைத் திட்டுறீங்க, அவரு உங்களைத் திட்டுறாரு. அதைக் கொண்டுபோய் நான் எப்படிச் சொல்றது? நீ அங்கயே போ, இங்க வராதன்னு யாராச்சும் ஒருத்தர் சொல்லிட்டா, எம்புள்ளைக்கு நான் எங்க போவேன்? அதான்... சரி சரின்னு தலையாட்டிகினு வந்துட்டேன்."

ஹெப்சிக்குத் தலை குனிந்தது. மூன்று பேர் படித்த படிப்பும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையை, இரண்டு பஸ் மாறி வருகிற இந்த ஒருத்தியின் தலையில் அல்லவா ஏற்றி வைத்தோம்... அதுவும் அவள் பயத்தைத் தெரிந்துகொள்ளாமலேயே. ஒரு இடத்தில் கையில் கிடைப்பது இன்னொரு இடத்தில் ஏன் உயரத்துக்குப் போகிறது என்று விக்கிக்கு எப்படிப் புரியும்? அவனும்தான் அலுத்துப்போய்ச் சொல்லையே விட்டுவிட்டான்.

டாக்டர் ரத்தினபாய் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. டீ வரவழைத்தார். ஆறுவதற்குள் ஒரு முடிவு பிறந்தது. சிட்லபாக்கம், ஊரப்பாக்கம், கோவளம், மூன்று இடத்திலும் இனி ஒரே வழக்கம். விக்கி கலங்கியிருந்தால் எதுவும் கேட்காமல் கொடுத்துவிடுவது. சந்தோஷமாக இருந்தால் கண்ணெதிரே காட்டி, ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, சொல்கிறானா என்று பார்ப்பது. சொல்லாவிட்டாலும் கொடுத்துவிடுவது. ஷெல்ஃப் கிடையாது. பயம் போகும்வரை ஃபேனைச் சும்மா பக்கத்தில் வைத்திருந்தால் போதும். வியாழக்கிழமைதோறும் டெனிஸ் சிட்லபாக்கத்துக்கு வருவான், இருவரும் சேர்ந்தே பார்ப்பார்கள். சேதி எல்லாம் எல்லோரும் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில். மஹாலட்சுமி இனி தூது போக வேண்டாம்.

"அப்பாடா," என்றாள் மஹாலட்சுமி. அவ்வளவு ஆழத்திலிருந்து வந்த அப்பாடாவை ஹெப்சி அதற்கு முன் கேட்டதில்லை.

*

வேலை நடந்தது. நன்றாகவே நடந்தது. ஆனால் இந்த இரண்டு பேர்?

"மேடம், இந்த ஊஞ்சலை இன்னும் கொஞ்சம் மெதுவா ஆட்டலாமா?"

"ஆட்டலாம் சார்."

மேடமாம்... சாராம். ஒரே குடையில் வந்தவர்கள் பேசுகிற பேச்சா இது? ஒரு சாரி சொன்னால் தீர்ந்துவிடும் என்று ஹெப்சிக்குத் தெரியும். ஒவ்வொரு வியாழனும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் தலைசீவி, பொட்டு வைத்துக்கொள்ளாத நெற்றியை இரண்டு முறை கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வருவாள். அவன் எதிரே வந்ததும் ஊஞ்சல் கயிற்றைச் சரிபார்க்கப் போய்விடுவாள். கொழுப்பாகப் பேச மட்டும் தெரிந்த வாய் அது.

வாட்ஸ்அப் குழுவில் மஹாலட்சுமியின் குரல்தான் அதிகம் வரும். "சார், மிஸ்... ரெண்டு இட்லி துன்னான்." "ராத்திரி எந்திரிக்கல, நல்லாத் தூங்கினான்." அதற்கு டெனிஸ் ஒரு கட்டைவிரல் போடுவான். அடுத்த நொடி ஹெப்சி ஒரு கட்டைவிரல் போடுவாள். இரண்டு கட்டைவிரல்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை அவள் படுக்கையில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். பாவம், அவளுக்கு அதுவே அப்போதைக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

கார்த்திகை பிறந்து ஒரு வியாழன். சிட்லபாக்கம் ஏரிப் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்து மழை அடித்தது. டமாரென்று ஓர் இடி. கரண்ட் போயிற்று. தலைக்கு மேல் சுழன்றுகொண்டிருந்த சீலிங் ஃபேன் மெதுவாகி, மெதுவாகி நின்றது. விக்கியின் உடம்பு விறைத்தது. கைகள் நெற்றியை நோக்கிப் போயின.

யாரும் எதுவும் கேட்கவில்லை. ஹெப்சி அவனைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். டெனிஸ் நீல ஃபேனை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தான். விக்கி தூக்கி எறியவில்லை. மெல்லக் கன்னத்துக்குக் கொண்டுபோனான். மூச்சு நிதானமாயிற்று. மூலையிலிருந்த மஹாலட்சுமியையும் சேர்த்து மூன்று பேருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

கரண்ட் வந்தபோது அவன் ஊஞ்சலில் கிடந்து கிளுகிளுவென்று சிரித்துக்கொண்டிருந்தான். டெனிஸ் ஃபேனை வாங்கி, அவன் முகத்துக்கு எதிரே பிடித்து நிறுத்தினான். ஒரு மூச்சு நேரம். கொடுத்தான். மறுபடி வாங்கினான். ஒரு மூச்சு நேரம்...

"காத்து."

சன்னமாகத்தான் வந்தது. ஆனால் வந்தது. டெனிஸ் அந்தக் கணமே ஃபேனைக் கொடுத்துவிட்டான். விக்கி ஊஞ்சலைவிட்டு இறங்கினான். தத்தித் தத்தி அம்மாவிடம் போய், வியர்த்திருந்த அவள் முகத்துக்கு நேரே ஃபேனை நீட்டினான்.

"காத்து."

மஹாலட்சுமி தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஆமா சாமி... காத்துதான் சாமி... அம்மாவுக்குக் காத்து," என்று பிள்ளையைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

ஹெப்சி வராந்தாவுக்கு ஓடிவந்துவிட்டாள். கண்ணிலிருந்து வழிவது யார் கண்ணிலும் படாமலிருக்க மழையைப் பார்த்து நின்றாள். பின்னால் காலடி கேட்டது.

"மேடம்..."

"மேடம்னு கூப்பிடாதீங்க," என்றாள் திரும்பாமல். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. உங்களுக்குக் குழந்தையைத் தெரியும். சாரி. அன்னிக்கே சொல்லியிருக்கணும்... வரவே மாட்டேங்குது."

"நானும் சொல்லணும்," என்றான் டெனிஸ். "விக்கி கையில அந்த ஃபேனைப் பார்த்ததும் நீங்கதான்னு தெரிஞ்சிடுச்சு. எத்தனை சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா... உடனே கோபமும் வந்துச்சு. என் சேதியை மதிக்காத ஓ.டி. மிஸ் நீங்களான்னு. அப்பவே உங்க சென்டருக்கு ஒரு போன் பண்ணியிருந்தா அவன் நெத்தி வீங்கியிருக்காது. அதை நினைச்சாத் தூக்கம் வரல."

பிறகு அவன் தோள்பையைத் திறந்தான். உள்ளே இன்னொரு நீல ஃபேன். "பாரிஸ் கார்னர்ல முழுக்க அலைஞ்சு வாங்கினேன். விக்கிக்குன்னுதான் வாங்கினேன். ஆனா அவன்கிட்டதான் ஒண்ணு இருக்கே... அன்னிலேர்ந்து பையிலயே கிடக்கு."

"அதை ஏன் இப்ப காட்டறீங்க?"

"அது... வந்து..."

ஊரிலுள்ள பிள்ளைகளையெல்லாம் பேசவைக்கிற மனிதனுக்குப் பேச்சு வரவில்லை. ஃபேனை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு நின்றான். ஹெப்சிக்குச் சிரிப்பு முட்டியது.

"நீங்க இப்ப கலங்கியிருக்கீங்களா, சந்தோஷமா இருக்கீங்களா?" என்று கேட்டாள். "அதைப் பொறுத்துத்தான் நான் காத்திருக்கறதா, வேண்டாமான்னு முடிவு பண்ணணும்."

"ரெண்டும்தாங்க," என்றான் பரிதாபமாக.

"இன்னா மிஸ் இது..."

வாசற்படியில் மஹாலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் விக்கி. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"சேதியைச் சொல்லாம வுட்டது என் தப்புன்னு அன்னிக்கே ஆயிருச்சு. இந்தத் தபா அந்தத் தப்பு பண்ண மாட்டேன். நீங்க நில்லுங்க மிஸ், நானே சார்கிட்ட சொல்லிர்றேன். சார், எங்க மிஸ்ஸுக்கு உங்களை..."

"அக்கா, வேணாம்." ஹெப்சியின் காது மடல் வரை சிவந்துவிட்டது. "நீங்க தூது போன வரைக்கும் போதும்."

அவள் திரும்பினாள். கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள்... இன்று நன்றாகவே சிரித்துக்கொண்டிருந்தன. ஒரு மூச்சு நேரம் நின்றாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு டெனிஸ். அன்னிக்கு அந்தப் படிக்கட்டுலேர்ந்தே பிடிச்சிருக்கு."

அவன் ஃபேனை அவள் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை அதன்மேல் மூடி, தன் கையை அங்கேயே விட்டுவிட்டான்.

மஹாலட்சுமியின் தோளில் சாய்ந்திருந்த விக்கி, இரண்டு பேர் கைக்குள்ளும் மாட்டிக்கொண்டு சுழலாமலிருந்த அந்த நீல ஃபேனை உற்றுப் பார்த்தான். பிறகு ரொம்பத் தெளிவாக, கொஞ்சம் அதட்டலாகவே சொன்னான்.

"காத்து."